கொழுப்பு என்றார்கள், நீராக இருந்தது

குண்டாக இருக்கிற பெண்ணுக்கு நோயே வராது என்று யாரோ முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். தலைவலி என்று போனால் எடையைக் குறை என்பார்கள். முழங்கால் வலி என்று போனாலும் எடையைக் குறை. ஒருமுறை காதில் சீழ் வடிகிறது என்று போனேன், அதற்கும் அதேதான் சொன்னார்கள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் என் உயிர் போகப் பார்த்த நாட்களிலும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கணவர் சேவியர் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறார். எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பெரிய உடம்பு. அந்த உடம்போடு காலையிலிருந்து மாலைவரை மிஷினை மிதித்திருக்கிறேன், தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன். அதுவரை அது யாரிடமும் எதற்காகவும் கையேந்தி நின்றதில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. துணி வெட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. மாலையானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்ததால் தலையணைமேல் தலையணை அடுக்கி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினேன். நான் ஒருசந்தி இருந்த நாட்கள் அவை. ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நேரம் கஞ்சி. அப்படியிருந்தும் இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

என் தங்கை பிலோமினா அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒல்லியான உடம்பு, காலையில் எழுந்தால் நடைப்பயிற்சி, எதற்கெடுத்தாலும் ஒரு வைத்தியம். அவள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லு. பகல்ல ஒருசந்தி, ராத்திரி ஒளிச்சுத் திங்கிறியா?"

"கஞ்சியத்தாண்டி குடிக்கிறேன். எங் கையப் பாரு, எம்புட்டு மெலிஞ்சிருச்சு. ரவிக்கக் கை தொளதொளன்னு தொங்குது. இடுப்பு மட்டும் எப்படி ஏறும்?"

"உனக்கு எப்பவும் ஒரு சாக்கு இருக்கும்."

கூடப் பிறந்தவளே இப்படிச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்வது? அவள் அப்போது காந்த வளையம் விற்றுக்கொண்டிருந்தாள். கையில் மாட்டினால் இரத்தம் சீராக ஓடும், இதயம் பலப்படும், கொழுப்பு கரையும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டாள். அக்கா என்பதால் விலையில் தள்ளுபடி உண்டு என்றாள். சும்மா கொடுக்க மனம் வரவில்லை பாருங்கள்.

சேவியர் என்னை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எது என்று எழுதப் போவதில்லை. மாடிப்படி ஏறித்தான் போகவேண்டும், மூச்சு வாங்குகிறவர்களுக்கு அங்கேயே முதல் பரிசோதனை முடிந்துவிடும். எடை மிஷினில் நிற்கச் சொன்ன நர்ஸ், எண்ணைச் சத்தமாகப் படித்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் ஈசிஜி எடுக்க அனுப்பினார்கள்.

ஈசிஜி என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சின்னதாக மின்சாரம் உண்டாக்குகிறது. அது சதைக்குள் பரவித் தோல்வரைக்கும் வருகிறது. தோலில் களிம்பு தடவிச் சின்னக் கிண்ணங்களை ஒட்டி, வருகிற மின்சாரத்தை ஒரு முள் கட்டம்போட்ட காகிதத்தில் அலையாகக் கிறுக்குகிறது. ஈசிஜி எடுப்பவர் ஏறக்குறைய என் வயதுக்காரர். காகிதம் ஓடத் தொடங்கியதும் எட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி மிகச் சின்ன அலைகள். அவர் உச்சுக்கொட்டிவிட்டு ஒரு குமிழைத் திருகினார். அலைகள் உடனே உயர்ந்து நின்றன.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. உடம்பு பெருசா இருக்கவங்களுக்கு அலை சின்னதாத்தான் வரும். கொழுப்பு தடுக்கும்ல? இப்படி ஏத்தி வச்சாத்தான் டாக்டருக்குப் படிக்க வசதி. சின்னதாக் கொண்டுபோனா என்னையத்தான் வைவார்."

பிறகு கத்திரியை எடுத்து நீளக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். தொடக்கத்திலும் முடிவிலும் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, நடுவில் அழகாக இருந்ததை ஒரு அட்டையில் ஒட்டினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. டாக்டர் அந்த அட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. வெயிட்தான் பிரச்சன. நடக்கிறீங்களா?"

"சார், ரவிக்கக் கை தொளதொளன்னு ஆயிருச்சு, இடுப்பு மட்டும் ஏறுது. கால்ல குழி விழுது…"

"அத டெய்லர்ட்ட சொல்லுங்கம்மா," என்றார் சிரித்துக்கொண்டே. நான்தான் டெய்லர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சேவியர் மட்டும் வாசலில் நின்று, "அவரு உன்னத் தொடக்கூட இல்லையே ஸ்டெல்லா," என்றார். நாங்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் அல்லவா?

பிறகும் இருமுறை அதே இடத்துக்குப் போனேன். அதே படி, அதே எண், அதே குமிழ், அதே கத்திரி. சாப்பாட்டை இன்னும் குறைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் பில். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சோம்பேறித்தனமோ, வாய்க்கட்டுப்பாடு இல்லையோ என்று யோசித்தேன். ஒரு மனுஷிக்குத் தன் மூச்சே முட்டும்போது அது தன் குற்றம்தானோ என்று நினைக்கவைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா விடவில்லை. "டாக்டரே நடக்கச் சொல்லிட்டார்ல? வா, மலைக்கோட்டை ஏறுவோம். செத்த நேரந்தான்," என்று ஒரு காலையில் இழுத்துக்கொண்டு போனாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, என் கால் என் பேச்சைக் கேட்க மறுத்தது. பாறையில் உட்கார்ந்தேன். இறங்கி வந்த யாரோ இருவர் எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "எந்திரிக்கா, எல்லாரும் பாக்குறாங்க," என்று பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்தேன். வானமும் பாறையும் ஒன்றாகக் கலந்தன. பிறகு நினைவில் இருப்பது ஆட்டோவின் ரெக்சின் கூரையும், பிலோமினாவின் அழுகையும்தான்.

ஆட்டோக்காரர் பக்கத்தில் இருக்கிறது என்று அரசு மருத்துவமனைக்கு விட்டார். அவருக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன், ஏனென்றால் பிலோமினா அந்தத் தனியார் மருத்துவமனைக்குத்தான் போகச் சொல்லிக் கத்தியிருக்கிறாள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் ராஜேஸ்வரி. முடியைக் கொண்டையாகப் போட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவு தெளிந்தபோது அவர் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை அழுத்திப் பார்த்தார். வயிற்றில் கைவைத்துத் தட்டிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு," என்றார் பக்கத்திலிருந்த நர்ஸிடம். "இரத்த அழுத்தம் திரும்பப் பாருங்க. மூச்சு இழுக்கும்போது எவ்வளவு இறங்குதுன்னு எனக்குச் சொல்லணும்."

அதற்குள் சேவியர் சந்தையிலிருந்து ஓடி வந்துவிட்டார். சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. கையில், வழியில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஈசிஜி அட்டைகள். டாக்டரம்மா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அளவுக்குறி எங்க?"

"அப்படின்னா?" என்றார் சேவியர்.

"ஒவ்வொரு ஈசிஜியிலயும் ஆரம்பத்துல ஒரு சதுரத் தூண் மாதிரி வரும். மிஷின் இம்புட்டு மின்சாரத்த இம்புட்டு உசரமா வரையுதுன்னு அதுதான் சொல்லும். அத வெட்டி எறிஞ்சிருக்காங்க. குமிழ ஏத்தி வச்சு எடுத்தாங்களா, சரியா வச்சு எடுத்தாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏத்தித்தான் வச்சார்," என்றேன் நான். பேசவே முடியவில்லை, ஆனாலும் சொன்னேன். "குண்டா இருக்கவங்களுக்கு எப்பவும் அப்படித்தானாம்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். புதிதாக ஈசிஜி எடுக்கச் சொல்லி, அருகிலேயே நின்றார். குமிழை யாரும் தொடவில்லை. தனியார் மருத்துவமனையில் நான் முதன்முதலாக எட்டிப் பார்த்த அதே எறும்பு அலைகள் வந்தன. அது மட்டுமில்லை, ஓர் அலை சற்றுப் பெரிதாகவும் அடுத்தது சின்னதாகவும் மாறி மாறி வந்தன. டாக்டரம்மா அதில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார். பிறகு நர்ஸை எக்கோ மிஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

எக்கோ என்றால் சத்தத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து இதயத்தைப் படமாகக் காட்டுகிற கருவி. திரையை என் பக்கமாகத் திருப்பினார். இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. அதற்குள் வழுக்குவதற்காகச் சில கரண்டி நீர் இருந்தால் போதும். என் உறையில் குளமே தேங்கியிருந்தது. அந்தக் கருப்புக் குளத்துக்குள் என் இதயம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. நீர் எல்லாப் பக்கமும் அழுத்துவதால் அதனால் விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வாங்க முடியாத இரத்தம் பின்னால் தேங்கி, அதிலிருந்து கசிந்த நீர்தான் வயிற்றிலும் காலிலும் வீக்கமாக நின்றிருக்கிறது. நான் ஒளித்துத் தின்றதாகச் சொன்னார்களே, அந்தப் பெருத்த இடுப்பு அதுதான்.

"இத உடனே எடுக்கணும்," என்றார் சேவியரிடம். "தள்ளிப் போட முடியாது. கையெழுத்துப் போடுங்க."

சேவியர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தலைமாட்டில் வந்து நின்றார். தைரியம் சொல்லத் தெரியாத மனிதர். "நாளைக்கு முருங்கைக்காய் லோடு," என்றார். "நல்ல வெல போகும்." எனக்குப் பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போனால் பெட்டிக்குள்ளும் என்னைக் குண்டுப்பெண் என்றுதானே தூக்குவார்கள் என்று நினைத்தேன். தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள், அப்போது யாராவது அவர்களை எடையைக் குறைக்கச் சொல்வார்களா? அந்த நேரத்தில் இப்படியெல்லாம் புத்தி போயிற்று. ஆனால் அந்தக் கோபம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று நினைக்கிறேன்.

என்னைப் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்துவைத்து, நெஞ்சு எலும்பு முடிகிற இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நீள ஊசியை உள்ளே செலுத்தி, அதன் வழியே மெல்லிய குழாயை விட்டார்கள். வலியைவிட அழுத்தம்தான் தெரிந்தது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறத்தில் நீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாதியிலேயே எனக்கு மூச்சு வந்துவிட்டது. அடிவயிறுவரை போகிற முழு மூச்சு. பல வாரமாக நான் அதை மறந்தே போயிருந்தேன். ஓவென்று அழுதேன். "வலிக்குதா?" என்று நர்ஸ் கேட்டாள். "இல்லம்மா, மூச்சு வருது," என்றேன்.

குழாயோடு வார்டில் கிடந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் பாப்பாத்தி என்று ஒரு அம்மா இருந்தார். அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர், நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். தன் மகன் கொண்டுவரும் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு வைப்பார். நான் குழாயைப் பார்த்துப் பயந்து சாப்பிட மறுத்தால் சண்டைக்கு வந்துவிடுவார்.

"ஏத்தா, சும்மா தின்னு. இங்க யாரும் உன்ன நிறுத்துப் பாக்கல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன். சேவியர் வேனை விட்டதும் நேரே வந்துவிடுவார். ரசம் சாதத்தைப் பிசைந்து கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, என் பாதத்தை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு நாளும் குழி ஆழம் குறைந்ததைப் பார்த்து, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி பாப்பாத்தியம்மாவுக்குக் காட்டுவார்.

நீரைப் பரிசோதித்ததில் காசநோய்க் கிருமி என்று தெரிந்தது. நுரையீரலுக்கு மட்டும்தான் காசநோய் வரும் என்று நினைத்திருந்தேன், அது இதய உறையிலும் வந்து உட்காருமாம். மாத்திரை இலவசம், ஆனால் மாதக்கணக்கில் ஒருநாள் விடாமல் விழுங்கவேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிலோமினா வந்து கதவோரமாகவே நின்றாள். சேலைத் தலைப்பு மூக்கில் இருந்தது.

"இது ஒட்டுமாக்கா?"

"உறைக்குள்ள இருக்கறது எப்படி ஒட்டும்? டாக்டரம்மாட்டயே கேளு. நீ பக்கத்துல வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கோட்டையில் என் கையைப் பிடித்து இழுத்ததை நினைத்து அழுதாள். மன்னித்துவிட்டேன் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் டாக்டரம்மா சுற்றுக்கு வந்தார். கூட்டம் இல்லாத மத்தியானம். என் மனதில் பல நாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"டாக்டர், கொழுப்பு அலையச் சின்னதாக்கும்னு அவர் சொன்னது பொய்யா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். நடுவில் இதயம், சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று.

"பொய் இல்லம்மா. அதுதான் சிக்கலே. இதயம் எவ்வளவு மின்சாரம் உண்டாக்குதுங்கறது ஒண்ணு, தோலுக்கு எவ்வளவு வந்து சேருதுங்கறது வேற ஒண்ணு. நடுவுல இருக்கற சதை எப்படிப்பட்டதுன்னு பாத்துத்தான் அது வரும். இரத்தம் மின்சாரத்த நல்லாக் கடத்தும். கொழுப்பு சரியாக் கடத்தாது, காத்து நெறஞ்ச நுரையீரலும் கடத்தாது. இதயத்துக்கும் தோலுக்கும் தூரமும் கூடுது. அதனால அலை சின்னதாகலாம்."

"அப்ப நீரு?"

"நீரு நேர் எதிர். உப்பு நீராச்சே, ரொம்ப நல்லாக் கடத்தும். அதனாலதான் ஆபத்து. இதயத்துல கிளம்பின மின்சாரம் வெளிய வராம, அந்த நீருக்குள்ளயே சுத்தி இதயத்துக்கே திரும்பிடும். குறுக்கு வழி கெடச்சா யாரு சுத்துவழியில போவாங்க? தோலுக்கு மிச்சம் மீதிதான் வரும். அப்பவும் அலை சின்னதாத்தான் இருக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. கடத்தாததும் சின்னதாக்கும், கடத்துவதும் சின்னதாக்கும். "அப்ப காகிதத்த மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான இருக்கும்?"

"ஆமா. அலை சின்னதா இருக்குன்னுதான் காகிதம் சொல்லும். ஏன்னு சொல்லாது. ஏன்னு கண்டுபிடிக்க கழுத்துல நரம்பு புடைச்சிருக்கான்னு பாக்கணும், கால அழுத்தணும், பழைய ஈசிஜியோட ஒத்துப் பாக்கணும். இதயம் நீருக்குள்ள ஆடுறதால அலை மாறி மாறி வருதான்னு பாக்கணும். சந்தேகம்னா எக்கோ. உங்களுக்குக் காகிதம் உண்மையச் சொல்லிருச்சு. குமிழத் திருகி அந்த உண்மையையே இல்லாமப் பண்ணிட்டாங்க."

எனக்கு அது தையல்காரியின் புத்தியில் நன்றாகப் பதிந்தது. அளவெடுக்கிற நாடாவையே இழுத்து நீட்டிவிட்டு, எல்லாருக்கும் ஒரே அளவு சரியாக இருக்கிறது என்று சொன்ன கதைதான் இது. நீட்டியது எனக்காக இல்லை, டாக்டர் வையக்கூடாது என்பதற்காக. ஒரு காகிதம் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக நான் சாகப் பார்த்தேன்.

போகும்போது டாக்டரம்மாவின் கண் என் மணிக்கட்டில் இருந்த வளையத்தில் பட்டது. பிலோமினா உடனே நிமிர்ந்தாள்.

"காந்த வளையம் மேடம். இதயத்துக்கு நல்லது."

"இதயத்துக்கே சொந்தமாக் காந்தம் இருக்கும்மா," என்றார் அவர் சிரித்து. "மின்சாரம் ஓடுற எல்லாத்தச் சுத்தியும் காந்தப்புலம் இருக்கும். அதுல ஒரு வேடிக்க உண்டு. மின்சாரத்துக்குக் குறுக்க நிக்கிற கொழுப்பு, எலும்பு எதுவும் காந்தத்துக்குக் கண்ணுலயே படாது, நேரா வெளிய வந்துடும். ஆனா உடம்புக்குள்ள பரவித் திரும்பற மின்சாரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் காந்தம் உண்டாக்கும். அதனால நடுவுல இருக்கற சதை அதையும் கொஞ்சம் மாத்தத்தான் செய்யும்."

"அப்ப ஈசிஜிக்குப் பதிலா அத அளந்திருந்தா?" என்றேன் நான்.

"அளக்கற மிஷின் இருக்கு. ஆனா இதயத்தோட காந்தம் பூமியோட காந்தத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குதான். வெளிக் காந்தம் நுழையாத மாதிரி தனி அறை கட்டி வச்சு அளக்கணும். நமக்கெல்லாம் எட்டாத விஷயம். உங்களுக்கு அது தேவையும் இல்ல, கழுத்தப் பாத்தாப் போதும்." பிறகு பிலோமினாவிடம், "இந்த வளையம் பிரிட்ஜ் கதவுல சீட்டு ஒட்டறதுக்கு நல்லா இருக்கும்," என்றார். பாப்பாத்தியம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். பிலோமினா வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். மாத்திரைகளை விழுங்கினேன். வீக்கம் வடிந்தது, பசி வந்தது, சாப்பிட்டேன். கை மறுபடி சதை பிடித்தது. மாதங்கள் கழித்து மருந்து முடிந்தபோது டாக்டரம்மா கடைசியாக ஓர் ஈசிஜி எடுத்தார். குமிழ் அதன் இடத்திலேயே இருந்தது. அலைகள் நன்றாக உயர்ந்து, ஒன்றுபோல ஒன்று நின்றன. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிழிக்காமல், வெட்டாமல், அளவுக்குறியோடு.

"இத வச்சு என்ன பண்ணப் போற?" என்றார் சேவியர்.

"ஒரு எடத்துக்குப் போகணும். வேன எடுங்க."

அந்த மாடிப்படியை இந்த முறை நிற்காமல் ஏறினேன். எடை மிஷின் பக்கம் போகவில்லை. அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள், என்னைப் போலவே பெரிய உடம்பு. முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மடியில், ஈசிஜித் துண்டு ஒட்டிய அட்டை.

டாக்டருக்கு என்னை நினைவில்லை. நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், குமிழையும் கத்திரியையும் கோட்டைப் பாறையையும். கடைசியில் புதுக் காகிதத்தை மேஜைமேல் விரித்தேன்.

"பாருங்க சார். அதே உடம்பு, அதே கொழுப்பு. குமிழத் திருகல. அலை எப்படி நிக்குது பாருங்க. கொழுப்பு தடுத்துச்சுன்னா இப்ப ஏன் தடுக்கல?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். அளவுக்குறியைப் பார்த்தார். மறுபடி அலையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அது… உங்க உடம்பப் பாத்தா யாருக்குமே வெயிட்தான்னு தோணும்மா. இயல்புதானே."

"தோணட்டும் சார், தப்பே இல்ல. மூணு தடவ வந்தேன். தோணினதோட நிறுத்தாம ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங் கழுத்துல கைய வச்சிருக்கலாம்ல? கால அமுக்கிப் பாத்திருக்கலாம்ல?"

என் குரல் உடைந்தது. உடையக்கூடாது என்று வைராக்கியமாக வந்திருந்தேன், ஆனாலும் உடைந்தது. அவர் மெல்ல எழுந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"படுங்கம்மா. நான் பாக்கறேன்."

"எனக்கு வேணாம் சார், நான் பொழச்சிட்டேன்," என்றேன். "வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு மூச்சு விட முடியாம உக்காந்திருக்கா. அவளப் பாருங்க."